எர்கெக் என்றுதான் சொன்னாளா

...எர்கெக் என்றுதான் சொன்னாள், சந்தேகமே இல்லை, அடுப்பில் கெட்டில் கொதித்துக் கத்திக்கொண்டிருந்தால் என்ன, எர்கினுக்குக் காது ஒன்றும் மந்தமில்லை. ஆம்பளை என்பதற்கு ஊரே சொல்லும் சாதாரணச் சொல் அது, எர்கெக். ஆனால் பெர்மெத் சொல்ல மாட்டாள். புருஷன் பேர் எர்கின் ஆயிற்றே, பேரின் முன்பாதி அதற்குள் ஒட்டிக்கொண்டு வருகிறதே என்று, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அதை நாக்கில் ஏற்றியதே கிடையாது. பஜாரில் அவனுக்குச் செருப்பு வாங்கப் போனாலும் ‘தொப்பிக்காரங்க செருப்பு எங்க விக்குது’ என்று கேட்பாள், கடைக்காரிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், இவனுக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும். அப்பேர்ப்பட்டவள் நேற்று மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, அதுவும் யாரிடம்... அவன் கூடப் பிறந்த தம்பி குபாத்திடம்... எர்கெக் என்று. நீதான் ஆம்பளை என்றாளா? ஆம்பளை என்றால் உன்னைப் போல் இருக்கணும் என்றாளா? எர்கின் வீட்டு நடையில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நின்றான், பிறகு சத்தமில்லாமல் வெளியே போய், கதவை ஓங்கி அடித்துக்கொண்டு அப்போதுதான் வருகிறவனைப் போல மறுபடி உள்ளே வந்தான். சொந்த வீட்டில் திருடன் மாதிரி. என்ன பிழைப்பு இது.

“யோவ், உன்னைத்தான்யா, இது நிஜமா வேலை செய்யுமா?” என்று டாக்சிக்காரர் இரண்டாம் தடவை கேட்டபோதுதான் கடையில் இருக்கிறோம் என்ற நினைப்பு வந்தது. பிஷ்கெக் பஜாரில் வரிசையாக நிற்கும் இரும்புப் பெட்டிக் கடைகளில் ஒன்று, உள்ளே தரையிலிருந்து கூரை வரை ஆம்பளைச் சத்து மாத்திரை டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காளை, ஒரு சிங்கம், தலையில்லாத ஒரு மார்பு. டாக்சிக்காரர் வயிற்றைக் கல்லாப்பெட்டிமேல் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். “படத்தைப் பாக்காதீங்க, திருப்பிப் படிங்க,” என்றான். “தனிக் கலவைன்னு மொத்தமா ஒரு எடை போட்டிருக்கானா? எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லலைன்னா கீழ வச்சிடுங்க. முக்கால்வாசி மாவு. இந்தா, இதுல நெருஞ்சி முள்ளு, குதிரை மேய்ற எடத்துல கால்ல குத்துமே அதேதான், அதுக்கு லத்தீன்ல ஒரு பேரு. இது வெந்தயம். துத்தநாகம் உடம்புல குறைஞ்சிருந்தாத்தான் குடுக்கணும், குறையலைன்னா ஒண்ணும் ஆகாது. நல்லாத் தூங்குங்க, வயித்தைக் குறைங்க, ரத்தத்தைக் காட்டி ஒரு டாக்டரைப் பாருங்க.” டாக்சிக்காரர் முகம் சுருங்கிவிட்டது. “நீ விக்கிறவனா, இல்ல விரட்டுறவனா? என் பொண்டாட்டியும் இதையேதான் சொல்றா, அவ காசு கேக்கறதில்ல.” கடைசியில் மலைப் பிசின் முமியோ ஒரு உருண்டை வாங்கிப் போனார், அதையும் எர்கின் உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து, சூட்டில் இளகுகிறதா என்று பார்த்து, வெந்நீரில் கரைத்து மண் தங்கவில்லை என்று காட்டித்தான் கொடுத்தான். யாரும் அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்ல முடியாது. சொல்லட்டும் பார்ப்போம்!

ஆனால் ஊருக்கெல்லாம் உபதேசம் சொல்கிற இவன் என்ன செய்கிறான்? பழைய கம்பளிப் பூட்ஸுக்குள் ஒளித்து வைத்து, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, தனிக் கலவை என்று மட்டும் போட்ட அதே காளை டப்பாவை விழுங்குகிறான். குபாத் மாஸ்கோவில் கட்டட வேலை முடித்துத் திரும்பி வந்து, மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாம் மாடி ஏறிய அன்றிலிருந்து. “அடேயப்பா, என் கிடாயைப் பாருங்க!” என்றாளே. கிடாய்... அவள் வைத்த பேர்தான், மருமகளாக வருகிறவள் கொழுந்தனுக்குச் செல்லப்பேர் வைப்பது வழக்கம்தான், அப்போது அவன் மூக்கு ஒழுகும் பயல், எலும்பும் தோலும், கேலிக்கு வைத்தது. அந்தப் பயல் நிஜமாகவே கிடாயாகி வந்து நிற்பான் என்று யார் கண்டது? தம்பிக்கு ஒரு பேர், கூப்பிடக் கூப்பிட வாய் நிறைய. தனக்கு? ‘இந்தாங்க’, ‘என்னங்க’, பிள்ளையின் அப்பா. பேர் சொல்லாதது மரியாதை என்றுதானே இத்தனை வருஷம் நினைத்திருந்தான்... சொல்லத் தோன்றாததுகூட அப்படித்தானே இருக்கும்? மாத்திரை போட்டதிலிருந்து நெஞ்சு திம் திம்மென்று அடிக்கிறது, தூக்கம் போயிற்று, முகம் பீட்ரூட்டாகச் சிவக்கிறது, மற்றபடி ஒரு மண்ணும் ஆகவில்லை. இப்படியே நெஞ்சு நின்றுபோனால்? தாத்தா காலத்தில் அண்ணன் செத்தால் அண்ணி தம்பிக்குத்தான். இப்போது அந்த வழக்கம் இல்லை. இல்லைதானே? சீ, என்ன புத்தி.

“பைகே!” அவன்தான். அண்ணனைக் கூப்பிடுகிற குரலில்கூட என்ன தெம்பு. குபாத் குனிந்துதான் கடைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது, அதைப் பார்த்தாலே எர்கினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஆம்பளைச் சத்துக்கு ஒரு நல்ல டப்பா குடுங்க பைகே.” இவனுக்கா! இன்னும் வேண்டுமாமா! யாருக்காக? எர்கினின் கை தானாகவே மேல் தட்டுக்குப் போயிற்று, திருப்பி அனுப்ப ஒதுக்கி வைத்த டப்பா, முத்திரை கோணல், எழுத்தில் பிழை, குலுக்கினால் பாதிக்கு மேல் காற்று, உள்ளே என்ன எழவு இருக்கிறதோ ஆண்டவனுக்கே வெளிச்சம். தின்னட்டும். அவன் நெஞ்சும் அடித்துக்கொள்ளட்டும், அவன் முகமும் சிவக்கட்டும். “இதான் இருக்கிறதிலேயே ஒசத்தி,” என்றான்.

குபாத் டப்பாவைத் தொடவில்லை. “இதையா நீங்க சாப்பிடுறீங்க?” என்றான் மெதுவாக. “பூட்ஸுக்குள்ள இருக்கிறது காளை டப்பான்னு ஜெனே சொன்னாங்களே.” ஜெனே, அதாவது அண்ணி, அவளுக்குத் தெரிந்திருக்கிறது! எர்கினுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. குபாத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான், அண்ணியிடம் வாங்கிய திட்டை ஒப்பிக்கிறவனைப் போல. “கோவிச்சுக்காதீங்க பைகே. ராத்திரியெல்லாம் உங்க நெஞ்சு அடிக்கிறது பக்கத்துல படுத்திருக்கிற அவங்களுக்குக் கேக்குதாம். கேட்டா எரிஞ்சு விழுறீங்களாம். ‘நீ போய் எதையாவது வாங்குற மாதிரி பேச்சுக் குடு, அந்த டப்பாவுல என்ன இருக்குன்னு கேளு, டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போ’ன்னு நேத்து மத்தியானம் அடுப்படியில ஒரே அழுகை. அழுதுக்கிட்டே, ‘எர்கின் செத்துப்போனா நான் என்னடா பண்ணுவேன்’னுட்டாங்க. உங்க பேரைச் சொல்லிட்டாங்க பைகே! சொன்ன கையோட வாயைப் பொத்திக்கிட்டாங்க. நானே ஆடிப்போயிட்டேன்.”

நேற்று மத்தியானம்... அடுப்படியில்... எர்... அதற்கு மேல் கெட்டில் கத்தியது, ஆமாம், கத்தியது, மீதியை இவனாகத்தானே போட்டு நிரப்பிக்கொண்டான், கெக்கா, கின்னா? தன் பேரைக்கூட அடையாளம் தெரியாமலா நடையில் நின்றான்? தெரியாதுதான், அவள் குரலில் அது எப்படி இருக்கும் என்று எப்போது கேட்டான். எர்கின் கோணல் முத்திரை டப்பாவைத் தம்பியின் பக்கத்திலிருந்து இழுத்துக் காலுக்கடியில் தள்ளினான். “இது வேணாம், இது சாக்கடைச் சரக்கு,” என்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது, அழுகைகூட வரும்போல இருந்தது, வீட்டுக்குப் போய் அவள் முன்னால் நிற்க வேண்டும், நின்று என்ன கேட்பது, இன்னொரு தடவை சொல் என்றா, சாகப்போகிறேன் என்றால்தானே சொல்வாள். “எப்படிச் சொன்னா?” என்று கேட்டான். “அதான் சொன்னேனே பைகே.” “இல்லடா, எப்படி... மெதுவாவா, இழுத்தா?” குபாத் யோசித்தான், வாயைத் திறந்தான், பிறகு வெட்கத்தோடு சிரித்துத் தலையை ஆட்டிவிட்டான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று. அந்தக் குரல் இன்னும் அந்தத் தடித்த காதுக்குள்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து வந்த தன் பேரை முதலில் கேட்டவன் அவன். எர்கினுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.