உப்பில்லாம்மா

வெயிலில் ஓடுகிறவர்களைச் சோதிக்கக் கடும் சூடேற்றி வைத்த சூட்டறைக்கு வெளியே அன்று இருந்தவர்கள்: பேராசிரியர், கருவிகளைக் கவனிக்கும் டெக்னீஷியன், நெடுந்தூரம் ஓடுகிற ஒரு பெண், துணைக்கு வந்த அவள் அம்மா, ஆஸ்பத்திரியில் விடுப்புப் போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்திருந்த உணவு ஆலோசகர். இதில் கடைசி ஆளுக்குத்தான் அன்று முடிவு தெரிய வேண்டியிருந்தது.

மறுநாள் விடுப்பு முடிகிறது. அவளை இங்கேயே வைத்துக்கொள்வதா, இதய வார்டுக்கே திருப்பி அனுப்புவதா என்று பேராசிரியர் மாலைக்குள் சொல்லியாக வேண்டும். நோயாளிகளின் தட்டிலிருந்து உப்பைப் பிடுங்குவதே வார்டில் அவள் பிழைப்பு. உப்பில்லாம்மா என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவார்கள். சிலர் முகத்துக்கு நேராகவே.

இப்போது, அவளே தேடிப் பிடித்துச் சேர்த்த பெண், சூட்டறை டிரெட்மில்லில் பாதி தூரம்கூட ஓடாமல் தலைசுற்றி இறங்கிவிட்டாள். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் எழுந்தார்.

உணவு ஆலோசகர் காதில் அது விழவில்லை. நாற்காலியில் காயப் போட்டிருந்த அந்தப் பெண்ணின் கறுப்பு பனியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களின் பனியன் காய்ந்தால் வெள்ளையாக உப்புக் கோடு விழும். இது துவைத்து எடுத்த மாதிரி இருந்தது. அதன் ஓரத்தை எடுத்து நாக்கில் வைத்தாள். கரிக்கவே இல்லை. டெக்னீஷியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீட்டில் யார் சமையல் என்று கேட்டாள். தான்தான் என்றாள் அம்மா. ஒரே சட்டி, ஆளுக்கொரு சமையல் செய்ய அவள் என்ன ஹோட்டலா நடத்துகிறாள்? வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்த நாளிலிருந்து அந்தச் சட்டியில் உப்பு விழுவதில்லை.

“யாரும்மா அப்படிச் சொன்னது?”

“நீங்கதான், வார்டுல. ஒரு சிட்டிகைகூட ஆகாதுன்னு விரலை நீட்டி மிரட்டினீங்களே. எனக்கு இன்னும் உங்களைப் பார்த்தா பயம்தான்.”

“அவருக்குத்தானே சொன்னேன்?”

“அவர் சப்புன்னு சாப்பிட, எதிர்ல உட்கார்ந்து நாங்க ருசியா சாப்பிட்டா அது குடும்பமா?”

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லுவாங்க,” என்றாள் பெண். “எங்க வீட்டுல அது என் வயித்துல.”

உணவு ஆலோசகருக்குச் சிரிப்பு பீறிட்டது. இத்தனை வருடம் ஒரு நோயாளியின் வாய்க்குச் சொன்னதாக நினைத்திருந்தாள், கேட்டதெல்லாம் சட்டிகள். அந்தச் சட்டிகளில் சாப்பிட்டுவிட்டு வெயிலில் ஓடுகிறவர்கள் எத்தனை பேரோ. மூச்சு விடாமல் அத்தனையையும் பேராசிரியரிடம் கொட்டினாள். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

இதை வீடு வீடாக அளக்க மாதக்கணக்கில் ஆகுமே, யார் அலைவது என்று கேட்டார்.

“நான் அலையறேன் சார்.”

“நாளைக்கு வார்டுக்குப் போகணுமே?”

“போகலை.”

அவர் மறுக்கவில்லை. உப்புக் கொடுத்து இன்றே ஒரு தடவை ஓடவைத்துப் பார்த்துவிடுவோம் என்று மட்டும் சொன்னார்.

அம்மாவிடம் இனி இரண்டு சட்டி என்றாள் அவள். வீட்டுக்காரருக்கு மட்டும் பழையபடி. பாத்திரம் தேய்க்க நீங்க வருவீங்களா என்று முணுமுணுத்தாள் அம்மா. அளந்து கலந்த உப்புநீரைப் பெண் முகம் சுளித்துக்கொண்டே குடித்தாள். நன்றாக ஓய்வெடுத்தாள். டெக்னீஷியன் ரத்த அழுத்தம் பார்த்துத் தலையாட்டினான்.

“மறுபடி தலை சுத்தினா?” என்றாள் பெண்.

“நான் உள்ளேயே நிக்கறேன், வா.”

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அவளும் பின்னாலேயே சூட்டறைக்குள் நுழைந்தாள். டெக்னீஷியன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.