மரியாதைக்குச் சொன்னது

கோகோ கொட்டை காயப்போட்டிருந்த பாய்க்கு நேர் மேலே வந்து நின்றது அந்தச் சனியன். நாலு இறக்கை, நடுவில் ஒரு கண்ணாடிக் கண், காதைத் துளைக்கும் இரைச்சல். என் வீட்டுக்காரர் தோமாசி, கிளறிக்கொண்டிருந்த பலகையைக் கீழே போட்டுவிட்டு அதைப் பார்த்துக் கையாட்டினார். சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாத ஒன்று தலைக்கு மேலே நின்று நிலத்தை அளக்கிறது, இந்த மனுஷன் விருந்தாளியைக் கூப்பிடுவதுபோலக் கையாட்டுகிறார்.

"என்ன சிரிப்பு? அது உங்களைப் படம் எடுக்குது" என்றேன்.

"எடுக்கட்டுமே. பார்க்க நல்லாத்தானே இருக்கேன்" என்றார்.

தோமாசி அப்படித்தான். யாரையும் சந்தேகப்படத் தெரியாது. அந்த வேலையையும் சேர்த்து நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உபோலு தீவிலிருந்து எங்கள் ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். எங்கள் சவாயித் தீவில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் கல்லடுப்பு மூட்டுவது, பன்றி சுடுவது, ஊர்க் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்காருவது, இவ்வளவுதான். ஆனால் கடலைப் பார்த்த அந்தச் சரிவு முழுவதும் கோகோ நட்டது அவர்தான். வெறும் எரிமலைக் கல்லாகக் கிடந்த இடம். கல்லுக்குக் கல் இடைவெளியில் மண்ணைக் கூடையில் சுமந்துகொண்டுபோய்க் கொட்டி நட்டார். என் அப்பா குடும்பத் தலைவராக இருந்தபோது, எங்கள் கல்யாணத்தன்று, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எனக்கு வாயால் கொடுத்த இடம் அது. கீழ் முனையில் நல்ல தண்ணீர் ஊற்று ஒன்று உண்டு. புயலில் கரையோர வீடு போனபிறகு அங்கேதான் குடியேறினோம்.

அப்பாவுக்குப் பிறகு குடும்பத் தலைவர் பட்டம் பெரியப்பா மகன் பேனிக்குப் போனது. பட்டம் கட்டிய நாளிலிருந்து அவருக்குப் பட்டப் பெயர்தான். ஊரில் ஒருவரும் பேனி என்று சொல்வதில்லை. நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். தலைநகர் ஆப்பியாவில் வீடு, வண்டி, வெள்ளைச் சட்டை. விசேஷத்துக்கு விசேஷம் கப்பலேறி வருவார். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அவர் பின்னாலேயே இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் ஊற்றுப் பக்கம் போய், குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தார்கள். குடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். தாகமெடுத்தவன் அப்படித் தலையாட்ட மாட்டான். அங்கே தங்கும் விடுதி வரப்போகிறது என்று துறைமுகத்தில் பேச்சு. பேனியிடம் கேட்டேன். "யாரு சொன்னா தங்கச்சி? ஜனங்களுக்கு வேற வேலையில்ல" என்றார். இல்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்திலிருந்து செசிலியா என்ற பெண் வந்தாள். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினாள். இனிமேல் குடும்ப நிலத்தில் எந்தத் துண்டு யார் கையில் என்று பிளாக்செயினில் பதியப் போகிறார்களாம். முதலில் எங்கள் ஊரிலும் இன்னும் சில ஊர்களிலும் செய்து பார்ப்பார்களாம். ஒரே அலுவலகத்தில் ஒரே புத்தகமாக இருந்தால் எலி தின்னும், வெள்ளம் போகும், காசு வாங்கிக்கொண்டு எவனாவது ஒரு பக்கத்தைக் கிழிப்பான். இது அப்படியில்லை, ஒரே கணக்கு பல இடத்துக் கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் இருக்கும், ஒருவன் ஓரிடத்தில் மாற்றினால் மற்றதெல்லாம் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றாள். மந்திரியே வந்தாலும் ஒரு எழுத்தை அழிக்க முடியாது என்றபோது பாதிரியார் கைதட்டினார், கூட்டமும் தட்டியது.

நான் எழுந்து கேட்டேன். "தப்பா எழுதிட்டா?"

"தப்பா எப்படிம்மா எழுதுவோம்? நீங்க வாயால சொல்றதைத்தானே பதியறோம். குரலும் சேர்ந்தே பதிவாகும்" என்றாள். முகத்தில் கள்ளம் இல்லை. கள்ளம் இல்லாத முகத்தைக் கண்டால் எனக்கு இன்னும் பயம்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அந்தப் பெண் யார் வீட்டில் சாப்பிடுகிறாள், யார் வண்டியில் ஏறுகிறாள் என்று விசாரித்தேன். பேனி அவளுக்குத் தாழம்பாய் கொடுத்ததாக ஒருத்தி சொன்னாள். அவர் கொடுக்கவில்லை, கொடுத்தவர்கள் பாதிரியார் வீட்டார் என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டு பேரையும் நான் நம்பவில்லை. தோமாசிக்குப் பாடம் நடத்தினேன். காகிதம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள், விரல் வைக்கச் சொன்னால் என்னைக் கூப்பிடுங்கள், படத்தில் எல்லைக் கோடு ஊற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "நீ இருக்கும்போது என்னை எவன் ஏமாத்துவான்?" என்று சிரித்தார்.

பதிவு நாளன்று பேனி வந்தார். சுவரில்லாத பெரிய கூடத்தில், தூணுக்கு ஒருவராகப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். பேனி முன்தூணில். ஆவா வேர்ப்பானம் கரைத்துக் கொடுத்தார்கள், பேச்செல்லாம் முறைப்படி நடந்தது. செசிலியா நடுவில் சம்மணம் போட்டு, மடியில் ஒரு பலகைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டாள். நான் வேண்டுமென்றே அவளுக்குப் பின்னால், திரை தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். விசிறுகிற சாக்கில் கழுத்தை நீட்டி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தலைக்கு மேலே நின்ற சனியன் எடுத்த எங்கள் சரிவின் படம் வந்தது. கோடு சரியாக இருந்தது. ஊற்று உள்ளேதான் இருந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டேன்.

"ஐயா, இந்த இடம் யாரோடது?" என்று தோமாசியைப் பார்த்துக் கேட்டாள்.

பின்வரிசையில் இருந்த தோமாசி குனிந்து, பார்வையைப் பாயில் வைத்து, தெளிவான குரலில் சொன்னார். "எங்களுக்குன்னு என்ன இருக்கு? எல்லாம் தலைவரோடதுதான். நாங்க வேலை செய்யிற கைங்க."

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தலைவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அதுவும் ஒரு வீட்டோடு மாப்பிள்ளை, 'என்னுடையது' என்று சொன்னால் கூடமே எழுந்து போய்விடும். அப்படித்தான் சொல்ல வேண்டும். உடனே தலைவர், 'அப்படிச் சொல்லாதே, வியர்வை உன்னுடையது, நிலமும் உன்னுடையது' என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். இது காலங்காலமாக நடப்பது, பாதியை இவர் சொல்ல மீதியை அவர் சொல்ல வேண்டும். என் அப்பாவும் சொல்லியிருக்கிறார்.

பேனி இருமினார். தேங்காய்ச் சிரட்டையை எடுத்து ஒரு வாய் ஆவா குடித்தார். செசிலியா மடியில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் பேனி, "அப்படிச் சொல்லாதே தோமாசி. வியர்வை உன்னோடது, நிலமும் உன்னோடது" என்றார். கூடம் முழுக்கத் தலையாட்டியது. செசிலியா அடுத்த வீட்டைக் கூப்பிட்டாள். திரையில் எங்கள் சரிவின் மேல் ஏறியிருந்தது பேனியின் பட்டப் பெயர்.

எல்லாருடைய கையையும் பார்த்துக்கொண்டிருந்த நான் என் வீட்டு வாயைப் பார்க்காமல் விட்டேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே எழுந்து கத்த முடியாது. கூடம் கலைந்ததும் அவள் வண்டியருகே ஓடிப்போய் மறித்தேன். மூச்சு வாங்கியது. அது மரியாதைக்குச் சொன்னது, அதைப் போய் எழுதுவாயா என்று கேட்டேன்.

"அவர் வாயாலயே சொன்னாரும்மா. வேணா குரலைப் போட்டுக் காட்டட்டுமா?"

"நீ இந்த நாட்டுப் பொண்ணுதானே? எது சும்மா சொல்றது, எது நெசமா சொல்றதுன்னு தெரியாதா உனக்கு?"

"நான் வெளிநாட்டுல, ஆக்லாந்துல வளர்ந்தவம்மா" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. அழித்துவிடு என்றேன். அழிக்க முடியாதே, அதைத்தானே அன்றைக்குச் சொன்னேன் என்றாள். ஒரு வழிதான் இருக்கிறதாம். பழையதன் மேல் புதிதாக ஒன்று சேர்க்கலாம், இந்த இடத்தை இன்னாருக்குத் தருகிறேன் என்று. அதற்கு இப்போது யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெருவிரல் வைக்க வேண்டும். வேறு ஒருவராலும் முடியாது. மந்திரியாலும் முடியாது.

அன்றைக்கு வீட்டில் தோமாசி சாப்பிடவில்லை. சுட்ட சேப்பங்கிழங்கு ஆறிக் கிடந்தது. திட்டித் தீர்க்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் மரியாதைக்குத்தானே சொன்னேன், மலாமா" என்றார். பிறகு அவரே, "தலைவர் நல்லவரு. திருப்பிச் சொன்னாரே, கேட்டியா?" என்றார்.

கேட்டேன். அந்த இருமலையும் கேட்டேன். அது எப்படிப்பட்ட இருமல் என்றுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சின்ன வயசிலிருந்தே பேனிக்கு நெஞ்சுச் சளி உண்டு. படகில் போனால் இருமுவார், சாமி கும்பிடும்போது இருமுவார். ஆனால் அன்றைக்கு வேறு எந்த வீட்டுக்கும் இருமவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் சொன்னபோதெல்லாம் பதில் டக்கென்று வந்தது. இல்லை, ஒரு வீட்டுக்கு இருமினாரோ? பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டால், "நான் எங்கே அதையெல்லாம் கவனிச்சேன்" என்றாள். அவளையும் சந்தேகப்பட்டேன்.

ஆப்பியாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் வருகிறேன் என்றார் பேனி. வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால், "அட, அது உன்னோடதுன்னு உலகத்துக்கே தெரியும் தங்கச்சி, மெஷின்ல என்ன இருந்தா என்ன?" என்று சிரித்தார். அடுத்த முறை அவசர வேலை, அதற்கடுத்த முறை கப்பல் ஓடவில்லை. கப்பல் ஓடியது. எங்கள் கோகோ மூட்டையே அதில்தான் போயிற்று. இதற்கிடையில் ஊற்றுக்குப் பக்கத்தில் யாரோ சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பிடுங்கி அடுப்பில் வைத்தேன். மறுவாரம் அதே இடத்தில் இன்னொன்று நின்றது.

அவசரப்பட்டுக் கத்தினால் ஊர் என்னைத்தான் சொல்லும். தலைவரைச் சந்தேகப்பட்டவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு இங்கே வாழ முடியாது. மரியாதையால் போனதை மரியாதையாலேயே வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். தேவாலயக் கூரைக்கு நிதி திரட்டும் ஞாயிறு வந்தது. அதற்குத் தலைவர் வராமல் இருக்க முடியாது. செசிலியாவும் பக்கத்து ஊர்ப் பதிவுக்காக வந்திருந்தாள். பாதிரியாரையும், பேனியையும், அவளையும் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். வெறுங்கையோடு வராதே, அந்தப் பலகையை மறக்காமல் கொண்டுவா என்று அவளிடம் தனியாகச் சொன்னேன்.

தோமாசி விடியும் முன்பே கல்லடுப்பு மூட்டிவிட்டார். வீட்டில் இருந்த ஒரே பன்றி. சீமைப்பலா, தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பிலை, மீன், எங்கள் கொட்டையில் இடித்த கோகோ. பாதிரியார் நடுவில், பேனி அவருக்கு வலதுபக்கம். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினேன். பேனி நன்றாகச் சாப்பிட்டார். பன்றித் தோலை விரலால் பிய்த்துக் கொழுப்போடு மென்றார். பாதிரியார் கோகோவைக் குடித்துவிட்டு, இந்த மண்ணில் ஏதோ இருக்கிறது என்று புகழ்ந்தார். அதற்காகவே காத்திருந்தவள்போல நான் ஆரம்பித்தேன். எல்லாம் அண்ணன் தயவு ஐயா, அன்றைக்குக் கூடத்தில் எல்லார் முன்னாலும் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார், மெஷினில் மட்டும் அது ஏறவில்லை, இந்தப் பெண்ணும் வந்திருக்கிறாள், நீங்களும் ஆசீர்வதிக்க இருக்கிறீர்கள் என்று சொல்லி நிறுத்தினேன்.

பாதிரியார் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்ல காரியம்" என்றார்.

பேனி என்னைப் பார்த்தார். சின்ன வயசில் மாங்காய் அடிக்க ஒரே கல்லை இரண்டு பேரும் பிடித்து இழுத்தபோது பார்த்த அதே பார்வை. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்கா தங்கச்சி இவ்வளவு பெரிய விருந்து? ஒரு வார்த்தை கேட்டிருந்தா எப்பவோ வச்சிருப்பேனே." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செசிலியா பலகையை அவர் முன்னால் பாயில் வைத்தாள். கைரேகைக்குத் திரை தயாராக இருந்தது. பேனி பெருவிரலை வைத்தார். சிவப்பு எரிந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"கையில எண்ணெய் இருக்குய்யா. கழுவித் துடைச்சிட்டு வைங்க" என்றாள்.

தண்ணீர்க் கிண்ணமும் துண்டும் என் பக்கத்திலேயே தயாராக இருந்தன. இரண்டு கையாலும் எடுத்து, முழங்காலில் நகர்ந்துபோய் அவர் முன்னால் நீட்டினேன். கழுவினார். துண்டை எடுத்தார். சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு விரலாக, இடுக்கு இடுக்காக, நகத்தைச் சுற்றித் துடைத்தார். பாதிரியாரிடம் கூரைத் தகடு எங்கே வாங்கலாம் என்று பேச்சுக் கொடுத்தார். நடுவில் ஒரு தடவை இருமினார். திரை வெளிச்சம் மங்கியது. செசிலியா தொட்டாள், மறுபடி எரிந்தது.

எனக்குப் பின்னால், கடைசி இடத்தில் உட்கார்ந்திருந்த தோமாசி மெல்ல முன்னால் குனிந்து வாயைத் திறந்தார். 'அவசரமே இல்லை தலைவரே' என்று சொல்லப் போகிறார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதுகூடத் தெரியாதா? கையிலிருந்த கிண்ணத்தோடு திரும்பி அப்படியே தோமாசியின் மடியில் கவிழ்த்தேன். மனுஷன் திடுக்கிட்டு வாயை மூடினார். ஈர லுங்கியோடு என்னைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

பேனி துண்டை இன்னும் கீழே வைக்கவில்லை. பெருவிரலுக்கு வந்திருந்தார். ஒருமுறை துடைத்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மறுபடி துடைத்தார்.