ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவில்

1.

இந்தக் கதை ஒரு பல்வலியில் பிறந்தது. ஊசி போட்டு மரத்துப்போன கன்னத்தோடு பல் மருத்துவரின் ஜன்னலோரம் காத்திருந்தேன். எதிரே முதியவர்களுக்கான பகல்நேர மையம். நீள மேசைகளில் சீட்டாட்டம், சிரிப்பு. ஒருவர் மட்டும் தள்ளி உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பிரார்த்தனை போலும் என்று நினைத்தேன். ஆனால் பிரார்த்தனை செய்கிறவர்கள் அப்படிக் கையை வீசிப் பேசுவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். 'அவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்' (வேண்டாம். கதைகளில் அவர்கள் கூட்டம் ஏற்கெனவே நெரிகிறது.)

'அவருக்குக் காது கேட்காது' (அதுவும் வேண்டாம். நன்றாகவே கேட்கும்.)

பேச்சையே பிழைப்பாக வைத்திருந்தவர் என்றால்தான் பேச ஆளில்லாத அந்தத் தனிமை வலிக்கும். ஆகவே அவரைக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவராக்கினேன். கவிழ்த்த கூடைமேல் ஏறி நின்று, தொண்டை கட்டாமல் காலை முழுக்கக் கத்தியவர். அவர் பேர் போனதே ஒரு விஷயத்துக்காகத்தான். 'ரெண்டு தரம்' என்று சொல்லிவிட்டுச் சட்டென்று 'மூணு தரம்' சொல்ல மாட்டார். பின்வரிசையில் யோசித்துக்கொண்டு நிற்கிற முகத்தைத் தேடிப் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார்.

2.

எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று அவருக்கு நம் மொழியையே கொடுத்தேன். மையத்தில் வேறு யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை.*

(* கதைக்காகச் செய்தது. அவரைக் கேட்காமல் செய்தது.)

அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. வந்ததும் தோளைத் தட்டுவார்கள். காது கேளாதவரிடம் பேசுவதுபோல உரக்கப் பேசுவார்கள். சீட்டாட ஒரு கை குறைந்தால் குறைந்தபடியே ஆடுவார்கள், இவருக்கு விளக்கி மாளாது என்று. பொறுப்பாளர் அம்மாள் இவருக்கென்று நல்ல வெளிச்சமான ஜன்னலோர இடம் ஒதுக்கினார். இரக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டில் மகன் வேலையிலிருந்து களைத்து வருவான்.

"மாத்திரை போட்டீங்களாப்பா?"

"போட்டேன்."

அன்றைய பேச்சு அத்தோடு சரி.

3.

முடிவு எனக்குச் சுலபமாகவே கிடைத்தது. மையத்தில் பழைய சாமான்களை ஏலம் விடுகிறார்கள். பொறுப்பாளர் ஒரு சாய்வு நாற்காலியைக் காட்டி என்னவோ முனகுகிறார். ஏலக்காரருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "ஒரு தரம்" என்கிறார். மொழி புரியாவிட்டாலும் கூடம் நிமிர்ந்து உட்காருகிறது. கைகள் உயர்கின்றன, விலை ஏறுகிறது, கடைசியில் ஒரே கைதட்டல். எழுதிவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெயில் தாழ்ந்து மேசைமேல் மஞ்சளாகக் கிடந்தது. அப்படியே கண்ணயர்ந்தேன்.

எதிர் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

"நல்லா இருந்துச்சு தம்பி. நாற்காலியும் நல்ல விலைக்குப் போச்சு."

"அப்புறம் என்ன?"

"கை தட்டுனாங்க. தட்டிட்டுச் சீட்டாடப் போயிட்டாங்க. நான் மறுபடி ஜன்னலோரம். தினமும் ஒரு நாற்காலியா விக்க முடியும்?"

4.

சரி, மையத்துக்காரர்கள் மொழியை இவர் கற்றுக்கொள்கிறார் என்று மாற்றவா?

"தண்ணி கேக்கற அளவுக்கு வந்துட்டேன். ஆனா ஒருநாள் பேய் மழையில சந்தைக்குள்ள வெள்ளம் வந்து, கூடை கூடையா தக்காளி தெருவெல்லாம் மிதந்து போச்சு. அதை எப்படிச் சொல்றது? தண்ணி, தண்ணின்னா?"

அறைக்குள் ஏதோ சிவப்பாக மிதந்ததுபோல் இருந்தது. நான் தாளை எடுத்தேன். நம் மொழி பேசுகிற ஒருவரையே வரவழைத்துவிடலாம். 'கதவு திறந்தது. உள்ளே வந்தவர்'

"இவரு தானா வர்றாரா, நீங்க எழுதறதால வர்றாரா?"

பேனாவை வைத்துவிட்டேன். "இதுக்கு மேல என்னால ஆகாதுங்க. இங்கேயே முடிச்சுக்கறேன்."

அவர் முகம் வாடிவிட்டது.

"முடிச்சிடாதீங்க தம்பி. முடிச்சிட்டா நான் யார்கூடப் பேசறது?"

முடிவு சரியில்லை என்று சொல்லவா இந்த மனிதர் இவ்வளவு தூரம் வந்தார்? பேசினால் புரிந்துகொள்கிற ஆள் என்று வந்திருக்கிறார். அது தெரியாமல், கதையை முடித்து அவருக்கு வாசலைக் காட்டுவதிலேயே குறியாக இருந்திருக்கிறேன்.

5.

தக்காளி என்னவாயிற்று என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் நான் கேட்டால் பதிலையும் நான்தான் எழுத வேண்டும். என்னோடு நானே பேசிக்கொள்வதாக முடியும். அது அவருக்கும் தெரிந்திருந்தது. கோபப்படவில்லை. மெல்ல எழுந்து, பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியைத் துடைத்து இந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

"ஒரு தரம்" என்றார். ரகசியம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"ரெண்டு தரம்."

என் தோளைத் தாண்டிப் பின்வரிசையைப் பார்க்கிறார். அங்கே இவ்வளவு நேரமும் அவர் பேசியது ஒரு சொல் விடாமல் புரிந்தபடி, இதைப் படிக்கிற நீங்கள் நிற்கிறீர்கள். நான் எழுதியதால் வந்த ஆள் இல்லை நீங்கள். உங்கள் முகத்தைப் பிடித்துவிட்டார், இனி அவசரப்பட மாட்டார்.

நான் கிளம்புகிறேன். அந்தத் தக்காளியெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று நீங்கள் கேளுங்கள்.