இராஜாங்கம் எழுதி வைத்த தர்மம்

“எங்க அப்பா எனக்குச் சீராக் குடுத்த வயலு இதுல எங்க வருது? அதப் படிங்க” என்றாள் அமிர்தம்.

உயிலைப் படித்துக்கொண்டிருந்த வக்கீல் செருமினார். மகன் நடராசன்தான் பதில் சொன்னான்.

“அதுவும் அப்பா பேர்லதானம்மா இருந்துச்சு. தர்மத்துலதான் சேந்திருக்கு.”

கருமாதி முடிந்த மறுநாள் அது. காலமான மிராசுதார் இராஜாங்கம், தம் நிலத்தில் பெரும்பகுதியை அமாவாசைதோறும் ஏழைகளுக்குச் சோறு போட எழுதி வைத்திருந்தார். உயிரோடு இருந்தவரை பிச்சைக்காரனுக்கு ஒரு பிடி அரிசி போடவும் நாள் நட்சத்திரம் பார்த்த மனிதர். நில உச்சவரம்புச் சட்டம் இறுகப்போகிறது என்று தெரிந்ததும் அவருக்குள் கருணை பொங்கிவிட்டது. அந்த வருஷம் தஞ்சாவூர் ஜில்லாவில் இன்னும் சில மிராசுதார்களுக்கும் இப்படிப் பொங்கியது. தர்மத்துக்கு எழுதிய நிலத்தைச் சர்க்கார் தொடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். தர்மத்தை நிர்வாகம் செய்யப்போவது நடராசன்.

மனைவியைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. மகன் வைத்துக் காப்பாற்ற வேண்டியது. கறவை மாடுகளைப் பற்றியும் அப்படித்தான் எழுதியிருந்தார்.

“ஒனக்கு என்னம்மா கொறச்சல்? வேணுங்கிறத எங்கிட்டக் கேளேன்.”

புருஷனிடம் கேட்டுக் கேட்டே கிழவியான அமிர்தம், இனி மகனிடம் கேட்க வேண்டும்.

தர்மம் நிஜமாகவே நடக்கிறதா என்று பார்க்க, அடுத்த அமாவாசையன்று தாசில்தார் வருவதாகச் சேதி வந்தது. நடராசன் அவசர அவசரமாக அண்டா ஏற்றினான். கூடத்தில் உறவுக்காரர்களுக்கு வடை பாயசத்தோடு இலை விழுந்தது. ஏழைகளும் வேண்டுமே! பண்ணையில் நடவு நடும் கண்ணாத்தாளையும் அவள் தெருக்காரர்களையும் கூப்பிட்டு மாட்டுக்கொட்டகை ஓரம் உட்கார வைத்தார்கள். கூடத்துப் பந்தி முடிந்த பிறகு அவர்களுக்குச் சோறும் குழம்பும். அந்த வீட்டு வழக்கம் அது.

தாசில்தார் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “ஏழைங்க எங்கங்க?” என்றார்.

கொட்டகைக்கு அழைத்துப்போன நடராசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாத்தாள் பக்கத்தில், ஓர் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் அமிர்தம்.

“வேணாம் ஆச்சி, எங்களத்தான் வைவாங்க” என்று கண்ணாத்தாள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“எந்திரிம்மா! மானம் போவுது” என்று நடராசன் பல்லைக் கடித்தான்.

“இவங்க யாரு?” என்றார் தாசில்தார்.

“இவனப் பெத்தவ” என்றாள் அமிர்தம். “நெலம் இல்லாதவங்கதானே ஏழைங்க? கண்ணாத்தாளுக்கும் ஒரு குழி நெலம் கெடையாது, எனக்கும் கெடையாது. எங்க வீட்டுக்காரரு ஏழைங்களுக்குன்னு எழுதுன சோறுதானே, நான் சாப்புடக் கூடாதா?”

தாசில்தார் சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டார். நடராசன் மனசுக்குள் கணக்குப் போட்டான். அம்மாவை எழுப்பினால் தர்மம் பொய்யாகி நிலம் போய்விடும். விட்டால் மானம் போய்விடும். நிலமா மானமா என்று கொஞ்ச நேரம் தவித்தவன், அப்பாவுக்குப் பிள்ளையல்லவா, நிலத்தின் பக்கமே சாய்ந்தான். சோற்று வாளியைத் தானே தூக்கிவந்து அம்மாவின் இலையருகே குனிந்தான்.

அமிர்தம் இலையைக் கையால் மறைத்தாள்.

“மொதல்ல கண்ணாத்தாளுக்குப் போடு தம்பி. என்னைவிட மூத்தவங்க.”