இரண்டு புள்ளி இரண்டு கிலோமீட்டர்

அந்தப் பெட்டியை ஜீப்பில் பொருத்திய அன்று நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். 1991ஆம் வருஷம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் புது ஜீப்புகளை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு ஒப்பந்த வேலை. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவும் இருபத்தாறு வயதும் சேர்ந்து தலைக்கு ஏறியிருந்த காலம். டிரைவர்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இனிமே இந்த வண்டியில யாரும் பொய் சொல்ல முடியாது" என்றேன். சுலைமான் பாய் சிரித்தார். கஜபதி சிரிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டி நான் என் கையால் செய்தது. அதை பானெட்டுக்குள் பொருத்தியிருந்தேன். வண்டிக்கு அடியில் சுழலும் தண்டில் ஒரு காந்தத்தை ஒட்டியிருந்தேன். அது ஒரு சுற்று சுற்றினால் பெட்டி ஒன்று என்று எண்ணும். அதை வைத்து வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த நிமிஷத்தில் என்ன வேகம் என்று எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு, கேட்டால் காகிதச் சுருளில் அச்சடித்துத் தரும். இரண்டு மாதம் பிசகில்லாமல் ஓடினால் எல்லாச் சோதனை வண்டிக்கும் இந்தப் பெட்டிதான், எனக்கும் வேலை நிரந்தரம் என்று மானேஜர் வீரராகவன் சொல்லியிருந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா அதை அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்.

முதல் நாள் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து பிடித்தது சனியன்.

காலை ஷிப்ட் கஜபதி, மாலை ஷிப்ட் சுலைமான் பாய். இருவருக்கும் ஒரே வழி. எஸ்டேட்டில் கிளம்பி, அயனம்பாக்கம் ஏரியோரமாக வேலப்பஞ்சாவடி, பூந்தமல்லி, திருவள்ளூர், ஆவடி வழியாகத் திரும்ப வேண்டும். இரண்டு சுற்று சுற்றினால் நூற்றைம்பது கிலோமீட்டர். வண்டியின் சொந்த மீட்டர் இருவருக்கும் நூற்றைம்பதுதான் காட்டியது. என் பெட்டி பாய்க்கு நூற்றைம்பது என்றது. கஜபதிக்கு மட்டும் நூற்றைம்பத்திரண்டு புள்ளி இரண்டு.

வயரை மாற்றினேன். காந்தத்தை மாற்றினேன். டயரில் காற்று குறைந்தால் கணக்கு மாறும் என்று தினமும் காற்றை அளந்தேன். அந்த இரண்டு புள்ளி இரண்டு அசையவில்லை. ஒருநாள் கஜபதியோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து முழு ஷிப்டும் போனேன். அன்றைக்குச் சரியாக நூற்றைம்பது. சரி, தானாகவே சரியாகிவிட்டது என்று மறுநாள் இறங்கிக்கொண்டால், மறுபடியும் இரண்டு புள்ளி இரண்டு. ஷிப்டை மாற்றிப் போடச் சொன்னேன். காலையில் போன பாய்க்குப் பிழையில்லை. மாலையில் போன கஜபதிக்கு அதே இரண்டு புள்ளி இரண்டு.

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். எண்ணுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு பெட்டிக்கு ஓட்டுகிற ஆள் யார் என்று எப்படித் தெரியும்? பாய் வேறு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினார். உன் பெட்டிக்கும் கஜபதிக்கும் ஜாதகம் ஒத்துப்போகவில்லை தம்பி என்றார். கடைசியில் நானே நம்ப முடியாத ஒரு காரியம் செய்தேன். கஜபதி கையில் கிடந்த இரும்புக் காப்பு காந்தத்தைக் கெடுக்கிறதோ என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டச் சொன்னேன். சீட்டில் உட்கார்ந்த ஆளின் கைக்கும் வண்டிக்கு அடியில் இருக்கும் காந்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு என் வாத்தியார் தலையில் குட்டியிருப்பார். கஜபதி காப்பைக் கழற்றித் தந்தார். மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிறை மட்டும் அவிழ்க்க மாட்டேன் என்றார்.

கஜபதி யாரிடமும் அதிகம் பேசாத மனிதர். நாற்பது வயது, அயனம்பாக்கத்துக்காரர். அவருடைய அப்பா அங்கே கூலிக்கு நாற்று நட்டவர். கஜபதி மூன்று வருஷமாகத் தற்காலிக டிரைவர். கூடிய சீக்கிரம் நிரந்தர ஆர்டர் வரும் என்று பேச்சு. சோதனை வண்டி சொன்ன வழியை விட்டு ஒரு முழம் விலகினாலும் வேலை போய்விடும். மீட்டரில் கை வைத்ததற்காக முனியன் என்ற டிரைவரைக் கண்டுபிடித்த அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு மாதம் முடியும் முன்பே வீரராகவனுக்குப் பொறுமை போய்விட்டது. நாளைக் காலை பத்து மணிக்குள் காரணம் சொல், இல்லையென்றால் பெட்டியைக் கழற்றிவிடு என்றார். அன்று சாயங்காலம்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கஜபதியின் ஷிப்டை நிமிஷம் நிமிஷமாக அச்சடித்தேன். ஒரு முழுச் சுருள் தீரும் என்று அதுவரை கஞ்சத்தனம் பண்ணியிருந்தேன்.

காகிதத்தை மேஜையில் விரித்துக்கொண்டு விரலை வைத்துப் படித்தேன். காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு, வேலப்பஞ்சாவடி வருவதற்குச் சற்று முன்னால், வேகம் பத்துக்கு இறங்கியிருந்தது. ஆறு நிமிஷம் அப்படியே ஊர்ந்து, ஐந்து நிமிஷம் நின்று, பிறகு ஒன்பது நிமிஷம் அதைவிட மெதுவாக ஊர்ந்திருந்தது. பாயின் ஷிப்டையும் அச்சடித்துப் பார்த்தேன், அதில் அப்படி எதுவும் இல்லை. கஜபதி எங்கேயோ போய் வருகிறார், அது புரிந்தது. ஆனால் போய் வந்தால் மீட்டரும் ஏற வேண்டுமே? அது ஏன் ஏறவில்லை?

மறுநாள் விடியும்போதே அப்பாவின் டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு வேலப்பஞ்சாவடிக்கு முன்னால் நூம்பல் பிரிவில் போய் நின்றேன். சொல்லி வைத்ததுபோல ஜீப் வந்தது, மெயின் ரோட்டை விட்டு இறங்கி வயல்களுக்கு நடுவே மண் பாதையில் போனது. தூரமாகப் பின்தொடர்ந்தேன். பாதையின் கோடியில் கன்னியம்மா கோயில். கோயிலுக்கு முன்னால் ஒரு லாரியே வட்டமடித்துத் திரும்பும் அளவுக்குக் களம் இருந்தது. கஜபதி ஜீப்பை அம்மனுக்கு நேராக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். பிறகு வண்டியில் ஏறி ரிவர்ஸ் போட்டார். அவ்வளவு பெரிய களத்தில் திருப்பாமல், வந்த வழியே பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

பாதையை மறித்துக்கொண்டு நின்ற என்னைக் கண்ணாடியில் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஏன் திருப்பாமல் வருகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன்.

"அம்மனுக்கு முதுகு காட்டக்கூடாது சார். மனுசனுக்கே ஆவாது, வண்டிக்கு மட்டும் ஆவுமா?"

நான் வண்டிக்குள் எட்டி மீட்டரைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொன்னேன். கடைசி எண் ஏழிலிருந்து ஆறுக்கு இறங்கியது. அந்த ஜீப்பின் மீட்டர் வண்டி பின்னால் போனால் தானும் பின்னால் சுற்றும். கோயிலுக்குப் போகும்போது ஒன்று புள்ளி ஒன்று ஏறும், வரும்போது அதே ஒன்று புள்ளி ஒன்று கழிந்துவிடும். என் பெட்டிக்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. அது சுற்றை மட்டும் எண்ணும். சந்தோஷத்தில் துள்ளிக் குதிக்காத குறைதான். என் பெட்டி சரி, அத்தனை நாளும் சரி.

கஜபதிக்கு அதை விளக்கியபோதுதான் அவருக்கே அது தெரிந்தது. மீட்டரைத் தொட்டுப் பார்த்தார். தான் மீட்டரைத் திருப்பினதாகச் சொல்லிவிடுவார்களா என்று கேட்டார். முனியன் ஞாபகம் இருவருக்கும் வந்தது. சைக்கிளில் வந்து கும்பிட்டிருக்கக் கூடாதா, ஜீப்பை எதற்கு இழுத்துக்கொண்டு வந்தீர்கள் என்று எரிந்து விழுந்தேன்.

"பெட்டி வண்டியிலதான கீது சார். இட்டாந்து காட்டுனாதான அம்மாவுக்குத் தெரியும். நாப்பத்தெட்டு நாளு வேண்டிக்கினு கயிறு கட்னேன், அந்தப் பெட்டி போவணும்னு. அது வந்தா டிரைவருங்கள கயிச்சிடுவாங்கன்னு சொல்லிக்கினாங்க. நீங்க கூட வந்த அன்னிக்கி மட்டும் சைக்கிள்ல வந்து மன்னிப்பு கேட்டுகினு, ஒரு நாளு சேத்துகினேன். நாளைக்கு முடிது."

எனக்குக் கோபம் வந்தது. இரவு பகலாகக் கண் விழித்து நான் செய்த ஒன்றை ஒழிக்க ஒரு மனிதர் தினமும் கற்பூரம் ஏற்றியிருக்கிறார். அந்தக் கற்பூரம்தான் என் கணக்கையும் குழப்பியிருக்கிறது. அதோடு இன்னொன்றும் வந்தது, அதுதான் என்னைப் படுத்தியது. டிரைவர்களை வேலையிலிருந்து கழித்துவிடுவார்களா என்று அவர் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி நான் நடந்துகொள்ளவும் இல்லை. நேரமாகிறது, கிளம்புங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பத்து மணிக்கு வீரராகவன் முன்னால் நின்றேன். சட்டைப்பையில் காகிதச் சுருள் புடைத்துக்கொண்டிருந்தது. எடுத்து மேஜைமேல் போட்டால் போதும். நிமிஷமும் அதில் இருந்தது, ஷிப்டும் அதில் இருந்தது, பெயரை நான் சொல்லவே வேண்டாம். பெட்டி தப்பா, மீட்டர் தப்பா என்று கேட்டார்.

"பெட்டிதான் சார் தப்பு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்குத் தெரியவில்லை. அவர் அதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்த ஜீப்பிலிருந்து நானே பெட்டியைக் கழற்றினேன். கஜபதி டார்ச் பிடித்தார். கடைசி ஸ்க்ரூ கையில் வந்ததும் கேட்டார்.

"இன்னிக்கே போய்டுச்சே சார். நாளைக்கு நான் போவணுமா, வேணாமா?"

நாற்பத்தேழாம் நாளே பலித்துவிட்டால் நாற்பத்தெட்டாம் நாளை என்ன செய்வது என்பது அவர் குழப்பம். என்னையா கேட்கிறீர்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆரம்பித்ததை முடித்துவிடுங்கள் என்றேன். நானும் வருகிறேன் என்று வாயிலிருந்து எப்படி வந்ததோ.

மறுநாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் போனேன். கஜபதி கற்பூரம் காட்டி, என் நெற்றியில் குங்குமம் வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெட்டியின்மேலும் ஒரு பொட்டு வைத்தார். அம்மனைப் பார்த்தபடியே ஜீப் பின்னால் நகர்ந்தது. நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் ஒவ்வொன்றாக இறங்கி, மெயின் ரோட்டுக்கு வந்தபோது கிளம்பிய இடத்திலேயே வந்து நின்றன.

அடுத்த மாதம் கஜபதிக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இந்த வண்டியில் யாரும் பொய் சொல்ல முடியாது என்று நான் சொன்னது தப்பு. ஒரு பொய் சொல்லப்பட்டது, அதைச் சொன்னவன் நான்.