முதல் தாரத்துப் பேய்

படத்தை வாடகைக்கு எடுத்தது நான்தான். யோசித்து எடுக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து கோர்படியில் மாமியார் வீட்டில் சாப்பிட்டாயிற்று. வெளியே மழை. கிருபாவதி அத்தை கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் கல்லைப் பற்றிக் கேட்பார். அதற்குள் டி.வி.யைப் போட்டு, முதலில் கண்ணில் பட்ட பேய்ப் படத்தை அமுக்கினேன்.

கல் என்றால் கல்லறைக் கல். என் மனைவி அலினா டெங்குவில் இறந்து வருகிற சனிக்கிழமையோடு ஒரு வருஷம். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புது இடம் கிடையாது. குடும்பத்தின் பழைய குழியைத் திறந்து அதிலேயே அடக்கம் செய்வார்கள். அலினாவை அவள் அப்பா மோசஸின் குழியில் வைத்தோம். கல்லில் அவர் பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது.

அங்கே ‘மோசஸின் மகள்’ என்று மட்டும் வெட்டினால் போதும் என்கிறார் அத்தை. என் பெயர் வேண்டாமாம். எனக்கு முப்பத்திரண்டு வயது. நாளைக்கு இன்னொருத்தி வந்தால் அவளுக்கு உறுத்துமாம். நல்லதற்குத்தான் சொன்னார். மூன்று வாரமாக நான் பதில் சொல்லவில்லை. கல் வெட்டும் சுனிலுக்கு இன்று மாலைக்குள் வாசகம் போயாக வேண்டும்.

படத்தில் ஊட்டி பங்களா. புதுப்பெண் காரிலிருந்து இறங்கினாள். பின்னால் மூடுபனியில் ஓர் ஆட்டோ போயிற்று. எங்கள் ஊர்ப் பக்கத்து மகாராஷ்டிர நம்பர், எம்.ஹெச். பதினான்கு.

“அரே அத்தான், இது லோணாவளா!” என்றாள் டானியா. அலினாவின் தங்கை. “எங்க ஆபீஸ் பிக்னிக் இதே பங்களாதான்.”

பத்தாவது நிமிடத்தில் கதாநாயகனின் செத்துப்போன முதல் மனைவி அலமாரியிலிருந்து வந்தாள். எனக்கு அப்போதுதான் கதை புரிந்தது. ரிமோட்டை எடுத்தேன்.

“இருக்கட்டும் மாப்ளே,” என்றார் அத்தை. “வாடகை குடுத்தாச்சுல்லா.”

பேய் வெள்ளை நைட்டி போட்டிருந்தது. நைட்டிக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ. அதே மின்னல் நான்கு முறை வெட்டியது. பேயை விரட்ட ஒரு போதகர் வந்தார்.

“இவரு எந்தச் சபைட்டி?” அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவர். “ஒரு கையில ஜெபமாலை, மறு கையில வேப்பிலை!”

“ஃபுல் காம்போ அம்மா,” என்றாள் டானியா.

பேய் இரண்டாவது மனைவியின் கழுத்தை நெரித்தது. இழுபறியில் விக் நகர்ந்து கண்ணை மறைத்தது. டானியா சோபாவில் விழுந்து சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

“இதைத்தான் நானும் சொல்லுதேன்,” என்றார். “மொத பொண்டாட்டி விஷயம் முடியாம கெடந்தா, பின்னால வாரவளுக்கு நிம்மதி கெடையாது.”

“அம்மா, அது விக் போட்ட ஆன்ட்டி!”

“நீ சும்மா இரு.”

படத்தை நிறுத்தினேன்.

“அத்தை, அலினாவுக்குக் கோவம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டா. கழுத்தையெல்லாம் நெரிக்க மாட்டா.”

“ஒரு நாள்தான்,” என்றாள் டானியா. “அடுத்த நாள் எனக்கு ஃபோன் போட்டு உங்களைத் திட்டுவா.”

இது எனக்குப் புதுச் செய்தி.

“என் பேரைப் போடச் சொல்லுதேன் அத்தை,” என்றேன். “ஆஸ்டினின் மனைவின்னு.”

“யோசிச்சுச் சொல்லுங்க. கல்லுல வெட்டினா அழிக்க முடியாது.”

“அழிக்க வேண்டாம்.”

“நாளைக்கு ஒருத்தி...”

“வந்தா மொதல்ல அங்கதான் கூட்டிட்டுப் போவேன். இவ என் பொண்டாட்டியா இருந்தான்னு காட்டுவேன். அது பிடிக்கலன்னா அவ வர வேண்டாம்.”

மூன்று வாரமாக வராத பதில். சொன்ன பிறகு அதில் மாற்ற ஒன்றும் இல்லை. மிகவும் எளிதாக இருந்தது.

அத்தை கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

“உங்களுக்காகத்தான் சொன்னேன்.”

“தெரியும்.”

“உங்க பேரு இல்லாம எனக்கு மட்டும் நல்லாவா இருக்கும்?”

சுனிலுக்கு எழுதி அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். அப்பா பெயர், புருஷன் பெயர், எது முதலில் என்று இந்தியில் கேட்டார். நான் அத்தையைப் பார்த்தேன்.

“அப்பா,” என்றார். “மொதல்ல மகளாத்தான இருந்தா.”

சொன்னேன். எழுத்தைப் பெரிதாக வெட்டட்டுமா, இரண்டு வரியிலேயே கல் நிறைந்துவிடும் என்றார் சுனில். அதையும் அத்தையிடம் சொன்னேன்.

“நிறைக்கப்படாது,” என்றார் அவசரமாக. “கீழ எனக்கு எடம் விடச் சொல்லுங்க.”

“அம்மா!”

“என்னட்டி அம்மா? நான் வேற எங்க போவேன்? ரெண்டு வரி. ரிட்டயர்டு டீச்சர்னு போடணும்.”

எழுத்தைச் சின்னதாகவே வெட்டச் சொன்னேன்.