இரண்டாவது பேஷன்ஸ்

எவரெட் மெரிலுக்குத் தொண்ணூற்று மூன்று வயது. ஐம்பது வருடம் கடலில் சிங்கி இறால் பிடித்தவர். இப்போது முதியோர் இல்லத்தில் கட்டிலும் ஜன்னலுமாகக் காலம் தள்ளுகிறார். காலையில் சாப்பிட்டோமா இல்லையா என்பதே அவருக்கு மறந்து போகும். மறக்காதது ஒன்றே ஒன்று. கண்ணை மூடுவதற்குள் முதல் குடியேறிகளின் சந்ததியார் சங்கத்துச் சான்றிதழ் தன் சுவரில் தொங்க வேண்டும். கோடைக்கு மட்டும் வந்து போகிற மாளிகைக்காரர்கள் அந்தச் சங்கத்தில் மார்தட்டிக்கொள்வதை ஆயுள் முழுக்கப் பார்த்து வயிறெரிந்தவர் அவர்.

மகள் ரோடா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அப்பாவுக்காக இரண்டு குளிர்காலம் பழைய ஏடுகளோடு மல்லுக்கட்டினாள். முதல் குடியேறிகளில் ஒருவராகக் கப்பலில் வந்த ஒபடையா ஸ்வெட்டில் தொடங்கி, அவர் மகள் பேஷன்ஸ் வழியாக மெரில் குடும்பம் வரை எல்லாம் சேர்ந்துவிட்டது. பேஷன்ஸ் பிறந்த பதிவு மட்டும்தான் பாக்கி. அதுவும் தேவாலயத்துப் பழைய ஏட்டில் கிடைத்தது. 1690. ரோடா அப்படியே ஏட்டை மூடியிருக்கலாம். கை சும்மா இருக்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டியது.

1692இல் ஒபடையாவின் மகள் பேஷன்ஸ் தொண்டை நோயில் இறந்திருந்தாள். 1699இல் ஒபடையாவுக்கு இன்னொரு மகள் பிறந்திருந்தாள். அவளுக்கும் பேஷன்ஸ் என்றே பெயர். செத்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அந்தக் காலத்தில் இங்கே வீட்டுக்கு வீடு நடந்ததுதான். வம்சம் தேடுகிற எல்லோருக்கும் இது தெரியும், தெரிந்தும் எல்லோரும் இந்தக் குழியில்தான் விழுவார்கள். மெரில் வீட்டுக்கு பேஷன்ஸ் மணமகளாக வந்தது 1712இல். மூத்தவள் மண்ணுக்குள், இளையவளுக்குப் பதின்மூன்றே வயது, இந்த ஊரில் அது மணமாகும் வயதில்லை. வந்தவள் வேறு யாரோ வீட்டுப் பெண்.

பிறந்த பதிவை மட்டும் அனுப்பினால் சங்கத்தில் ஒருவரும் துருவப் போவதில்லை. ஒரு வாரம் ரோடா தூக்கமில்லாமல் புரண்டாள். அப்பாவை ஏமாற்றவும் மனம் வரவில்லை, உடைக்கவும் மனம் வரவில்லை.

சனிக்கிழமை வழக்கம்போல வேகவைத்த மொச்சையும் கறுப்பு ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனாள். அவர் முதல் கரண்டி வாயில் வைத்ததும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கிழவர் கத்துவார், தட்டைத் தள்ளுவார் என்று காத்திருந்தாள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்த மொதப் புள்ளைக்கு எத்தன வயசு?"

"ரெண்டுகூட முடியலப்பா."

"கல்லறையில பேரெழுதிக் கல்லு வெச்சிருக்காங்களா?"

"தேடிப் பாத்தேன். இல்ல."

"நம்ம புள்ளைக்கும் இல்ல" என்றார்.

ரோடாவுக்குப் புரியவில்லை. கிழவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்து அவர் கையைப் பிடித்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தாம்மா. பதினோரு நாளு. அவ பேரும் ரோடாதான். பிப்ரவரிக் குளிருல மண்ணு பாறையாட்டம் உறைஞ்சு கெடந்துது, தோண்ட முடியல. பனி உருகுற வரைக்கும் கல்லறைக் கூடத்துலயே வெச்சிருந்தாங்க. அடக்கம் பண்ணப்ப நான் கடல்ல இருந்தேன். எந்த எடம்னு உங்கம்மா கடைசி வரைக்கும் சொல்லல. நானும் கேக்கல."

அறுபத்து நான்கு வருடமாகத் தன்னுடையது என்று நினைத்த பெயர், ரோடாவுக்கு முன்பே இன்னொருத்தியுடையது. அழ வேண்டியவர் அவர்தான் என்று தன்னை அடக்கிக்கொண்டாள். அடங்கவில்லை.

"சங்கம் கெடக்குது, விடு" என்றார் எவரெட். "அந்தக் காகிதத்த எடு. அவள எழுது."

ரோடா பையில் கொண்டுவந்திருந்த வம்ச வரைபடத்தைக் கட்டிலில் விரித்தாள். தன் பெயருக்கு முன்னால் இருந்த சிறிய இடத்தில் தன் பெயரையே பென்சிலால் எழுதினாள். இறந்த தேதி என்னவென்று கேட்டாள்.

காலையில் சாப்பிட்டதை மறந்துபோகிறவர், வருடத்தையும் மாதத்தையும் நாளையும் ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார்.